டாலர் குறி எங்கே போட வேண்டும்? எக்செல் கணக்குக்குப் பயனுள்ள குறிப்புகள்

பால் கணக்கு, மளிகைக் கணக்கு, நகைச் சேமிப்பு, அடுக்ககப் பராமரிப்பு எல்லாம் நோட்டுப் புத்தகத்திலிருந்து எக்செல்லுக்கும் கூகுள் ஷீட்ஸுக்கும் மாறிக்கொண்டிருக்கின்றன. கூட்டல், பெருக்கல் ஃபார்முலா போடுவதைப் பெரும்பாலானவர்கள் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள். ஒரு கட்டத்தில் சரியாக வந்த ஃபார்முலாவைக் கீழே இழுத்துவிடும்போதுதான் கணக்கு தப்புகிறது. பிழை என்று கணினி சொன்னால் உடனே திருத்திவிடலாம். தப்பான தொகை, சரியான தொகை மாதிரியே வந்து உட்கார்ந்துவிட்டால் பணம் கைமாறிய பிறகுதான் தெரியவரும். கீழே உள்ள குறிப்புகள் அந்த இரண்டாவது வகைத் தவறுக்காக.

(ஏ, பி, சி என்று இங்கே எழுதியிருக்கும் பத்தி எழுத்துகளையும், சம், வீலுக்அப் போன்ற பெயர்களையும் கணினியில் ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள். மேலிருந்து கீழே ஓடுவதைப் பத்தி என்றும், இடமிருந்து வலமாக ஓடுவதை வரிசை என்றும் குறிப்பிட்டிருக்கிறேன்.)

1. மாறக்கூடிய விலையையோ விகிதத்தையோ ஃபார்முலாவுக்குள் எழுதாதீர்கள். சதுர அடிக்கு ரூ. 3.50 பராமரிப்புக் கட்டணம் என்றால் =பி4*3.5 என்று போடத் தோன்றும். அடுத்த ஆண்டு கட்டணம் உயரும்போது ஒவ்வொரு கட்டமாகத் தேடித் திருத்த வேண்டிவரும். ஒன்றிரண்டு கண்டிப்பாக விட்டுப்போகும். 3.50-ஐத் தனியாக ஒரு கட்டத்தில் எழுதி, பக்கத்திலேயே அது என்ன, எந்த மாதத்திலிருந்து என்றும் குறித்துவிடுங்கள். பால் விலை, காஸ் சிலிண்டர் விலை, வட்டி விகிதம், விருந்துக்கு வருவோர் எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் இதே முறைதான். ஒரு தகவலுக்கு ஒரே கட்டம். இதைக் கடைப்பிடித்தால்தான் அடுத்து வரும் குறிப்புகளுக்கே வேலை.

2. சி4-இல் உள்ள ஃபார்முலாவில் பி4 என்று எழுதினால், கணினி அதை ‘பி4’ என்று நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ‘நான் இருக்கும் இடத்திலிருந்து இடப்பக்கம் ஒரு கட்டம்’ என்றுதான் வைத்துக்கொள்கிறது. தெருவில் வழி கேட்பவரிடம் ‘இங்கிருந்து இடப்பக்கம் ரெண்டாவது வீடு’ என்று சொல்வதைப் போன்றது இது. நிற்கும் இடம் மாறினால் போய்ச் சேரும் வீடும் மாறிவிடும். $பி$4 என்று எழுதினால் அது கதவு எண் சொன்ன மாதிரி. எங்கிருந்து கிளம்பினாலும் அதே வீடு. முதல் வகைக்குச் சார்புக் குறிப்பு என்றும் இரண்டாவதுக்கு முழுக் குறிப்பு என்றும் பெயர். ஆங்கிலத்தில் ரிலேட்டிவ், அப்சல்யூட் என்று சொல்வது இவற்றைத்தான். டாலர் குறிக்கும் பணத்துக்கும் சம்பந்தமில்லை. ரூபாய்க் கணக்கிலும் டாலர் குறிதான், கிலோ கணக்கிலும் டாலர் குறிதான்.

3. டாலர் குறி விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. நாலே வீடு கொண்ட சின்ன அடுக்ககம் என்று வைத்துக்கொள்வோம். பி4 முதல் பி7 வரை வீடுகளின் சதுர அடி: 850, 1,100, 950, 1,200. இ1-இல் இந்த ஆண்டுக் கட்டணம் 3.50. பழைய கட்டணங்களும் ஞாபகத்துக்கு இருக்கட்டுமே என்று அதன் கீழேயே 3.25, 3.00, 2.75 என எழுதியிருக்கிறது.

சி4-இல் =பி4*இ1 என்று போட்டால் 2,975 வரும். சரியான தொகை. அதைக் கீழே இழுத்தால் சி5-இல் =பி5*இ2 என்றும், சி6-இல் =பி6*இ3 என்றும், சி7-இல் =பி7*இ4 என்றும் மாறிவிடும். இரண்டாவது வீட்டுக்கு 3,850 வர வேண்டிய இடத்தில் 3,575; மூன்றாவது வீட்டுக்கு 3,325-க்குப் பதில் 2,850; நான்காவது வீட்டுக்கு 4,200-க்குப் பதில் 3,300. நாலுமே பார்வைக்கு நியாயமான தொகைகள். மொத்தம் ரூ. 14,350 வசூலாக வேண்டிய இடத்தில் ரூ. 12,700 வரும். மாதம் 1,650 ரூபாய் குறைகிறது, எந்தக் கட்டமும் சிவப்பாகவில்லை, எந்த எச்சரிக்கையும் வரவில்லை. முதல் வீட்டுக்காரர் மட்டும் புதுக் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பார்.

=பி4*$இ$1 என்று எழுதி இழுத்திருந்தால் பி மட்டும் 4, 5, 6, 7 என்று இறங்கும்; இ1 அசையாது. இன்னொன்று, பழைய விலைகளைப் புது விலைக்கு நேர் கீழே வைக்காதீர்கள். அந்த இடம் காலியாக இருந்திருந்தால் இரண்டாவது வீட்டுக்குப் பூஜ்யம் வந்து, தவறு உடனே வெளிப்பட்டிருக்கும்.

4. டாலர் குறியைத் தட்டச்சு செய்யத் தேவையில்லை. ஃபார்முலா எழுதிக்கொண்டிருக்கும்போது கட்டத்தின் பெயர் மேல் கர்சரை வைத்து எஃப்4 விசையை அழுத்துங்கள். இ1 என்பது முதல் அழுத்தலில் $இ$1, இரண்டாவதில் இ$1, மூன்றாவதில் $இ1, நான்காவதில் மறுபடி இ1 என்று சுற்றி வரும். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒலியோ திரை வெளிச்சமோ மாறும். மேக் கணினியில் எக்செல்லுக்கு கமாண்ட்+T. ஃபார்முலாவுக்குள் இல்லாமல் வெளியே நின்று எஃப்4 அழுத்தினால், எக்செல் கடைசியாகச் செய்த வேலையைத் திரும்பச் செய்யும். ஒரு வரிசையை நீக்கிய கையோடு அழுத்தினால் இன்னொரு வரிசையும் போய்விடும். அதனால் கர்சர் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

இந்த வசதிக்கு வயது அதிகம். 1979-இல் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் கொண்டுவந்த விசிகால்க்கில், ஃபார்முலாவை நகலெடுக்கும்போது அதிலுள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் ‘இது மாற வேண்டுமா, அப்படியே இருக்க வேண்டுமா’ என்று கேள்வி வரும். நாம்தான் பதில் தர வேண்டும். 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3-இல் டாலர் குறியும் இருந்தது, எஃப்4 விசையும் இருந்தது. இன்றைய மென்பொருள்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கேட்காததால்தான் நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

5. என்டர் தட்டும் முன் ஃபார்முலாவில் உள்ள ஒவ்வொரு கட்டத்தையும் தொட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். இதைக் கீழே இழுக்கும்போது இந்தக் கட்டம் கூடவே இறங்க வேண்டுமா? வலப்பக்கம் இழுக்கும்போது கூடவே நகர வேண்டுமா? இறங்கக் கூடாது என்றால் எண்ணுக்கு முன்னால் டாலர். நகரக் கூடாது என்றால் எழுத்துக்கு முன்னால் டாலர். இரண்டும் கூடாது என்றால் இரண்டுக்கும். டாலர் எதற்கு முன்னால் நிற்கிறதோ, அது மட்டும் மாறாது.

6. டாலர் குறியைப் பாதி மட்டும் போடும் கலப்புக் குறிப்பைக் கற்றுக்கொள்ள நகை விலைப் பட்டியல் நல்ல பயிற்சி. கல்யாணத்துக்கு நகை வாங்கும் முன் எத்தனை கிராமுக்கு, எந்தச் செய்கூலிக்கு எவ்வளவு ஆகும் என்று ஒரே பார்வையில் தெரிந்தால் கடையில் நின்று திணற வேண்டாம்.

பி1-இல் ஒரு கிராம் விலை. கணக்குக்கு எளிதாக ரூ. 10,000 என்று வைத்துக்கொள்வோம். பி2-இல் ஜிஎஸ்டி 3%. ஏ5, ஏ6, ஏ7-இல் 4, 8, 16 என்று கிராம் எடைகள் (8 கிராம் ஒரு பவுன்). பி4, சி4, டி4-இல் 8%, 10%, 12% என்று செய்கூலி. இப்போது பி5-இல் ஒரே ஒரு ஃபார்முலா:

=$ஏ5*$பி$1*(1+பி$4)*(1+$பி$2)

எடை எப்போதும் ஏ பத்தியில்தான் இருக்கிறது, ஆனால் வரிசைக்கு வரிசை மாற வேண்டும்; அதனால் $ஏ5. செய்கூலி எப்போதும் 4-ஆம் வரிசையில்தான் இருக்கிறது, ஆனால் பத்திக்குப் பத்தி மாற வேண்டும், அதனால் பி$4. கிராம் விலையும் ஜிஎஸ்டியும் எந்தப் பக்கமும் அசையக் கூடாது. அதனால் அவை இரண்டுக்கும் முழு டாலர். இதை வலப்பக்கம் டி வரையும், பிறகு கீழே 7-ஆம் வரிசை வரையும் இழுத்தால் ஒன்பது கட்டமும் நிரம்பிவிடும். சி6-இல் 90,640 வர வேண்டும்: ஒரு பவுன், 10% செய்கூலி, வரியோடு. டி7-இல் 1,84,576. அந்தக் கட்டத்தைத் திறந்து பார்த்தால் =$ஏ7*$பி$1*(1+டி$4)*(1+$பி$2) என்று இருக்கும். எது மாறியது, எது மாறவில்லை என்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு பட்டியலை உதவியில்லாமல் போட வந்துவிட்டால் பாடம் முடிந்தது என்றே சொல்லலாம்.

தங்கம் விலை தினம் மாறும். காலையில் பி1-ஐ மட்டும் மாற்றினால் போதும். கடைக்குக் கடை மாறும் சேதாரத்துக்கும் இதேபோல் தனிக் கட்டம் ஒதுக்கிச் சேர்த்துக்கொள்ளலாம்.

7. மொத்தச் செலவில் எது எத்தனை சதவீதம் என்று பார்க்கும்போது மொத்தத்துக்கு டாலர் போட மறந்துவிடுகிறது. செலவுகள் சி2 முதல் சி11 வரை, மொத்தம் சி12-இல் என்றால், டி2-இல் =சி2/$சி$12. டாலர் இல்லாமல் இழுத்தால் அடுத்த கட்டம் காலியாக உள்ள சி13-ஆல் வகுக்கப் பார்த்து, பூஜ்யத்தால் வகுத்த பிழையைக் காட்டும். தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் தவறு என்பதால் இதற்காக ரொம்பக் கவலைப்பட வேண்டாம்.

8. இன்று வரை இந்த மாதம் எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று ஒவ்வொரு வரியிலும் தெரிய வேண்டுமா? செலவு சி பத்தியில் இருந்தால் டி2-இல் =சம்($சி$2:சி2) என்று போட்டு இழுத்துவிடுங்கள். தொடக்க முனை நின்ற இடத்திலேயே நிற்கும். கடைசி முனை மட்டும் இறங்கிக்கொண்டே போகும். ஐந்தாம் வரிசையில் அது $சி$2:சி5 ஆகியிருக்கும். மேல் வரியின் மொத்தத்தோடு இன்றைய செலவைக் கூட்டிக்கொண்டு வருவது பலரும் செய்யும் முறை. அதில் நடுவே ஒரு வரிசையை நீக்கினால் அதற்குக் கீழே உள்ள எல்லா மொத்தமும் #ரெஃப்! என்று உடைந்துபோகும். மேலே சொன்ன முறையில் உடையாது.

9. விலைப் பட்டியலிலிருந்து விலையைத் தானாக எடுத்துவர வீலுக்அப் பயன்படுத்துபவர்கள் தேடும் பரப்பு முழுவதற்கும் டாலர் போட வேண்டும்: =வீலுக்அப்(ஏ2,விலை!$ஏ$2:$பி$40,2,0). பரப்பை மவுஸால் தேர்ந்தெடுத்த கையோடு எஃப்4 அழுத்தினால் இரண்டு முனைக்கும் சேர்ந்து வரும். டாலர் இல்லாவிட்டால் ஃபார்முலா இறங்க இறங்கப் பரப்பும் இறங்கும். 12-ஆம் வரிசைக்கு வரும்போது அது ஏ12-இல்தான் தொடங்கும். பட்டியலில் முதல் பத்து பொருள்கள் கணினியின் கண்ணில் படாது. முதலில் இருப்பது பெரும்பாலும் அரிசியும் பருப்பும்தான். அவற்றுக்கு #என்/ஏ என்று வந்தால் பிழைத்தோம். பட்டியலில் கீழே எங்கோ அதே பொருள் பழைய விலையோடு இன்னொரு முறை எழுதப்பட்டிருந்தால், அந்தப் பழைய விலை சத்தமில்லாமல் வந்துவிடும்.

10. பராமரிப்புப் பணம் இன்னும் தராத வீட்டின் வரிசை முழுவதும் நிறம் மாற வேண்டுமா? அதற்கும் பாதி டாலர்தான் வழி. டி பத்தியில் பணம் வந்த தேதி என்றால், ஏ4 முதல் டி7 வரை தேர்ந்தெடுத்து, கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் =$டி4="" என்று விதி எழுதி நிறம் கொடுங்கள். டி4 என்று மொட்டையாக எழுதினால் ஏ கட்டம் டி-யைப் பார்க்கும், பி கட்டம் இ-யைப் பார்க்கும். நிறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும். $டி$4 என்று எழுதினாலோ முதல் வீட்டுக்காரர் பணம் கட்டியதும் எல்லா வரிசையின் நிறமும் போய்விடும்.

11. காப்பி செய்வதும் கட் செய்வதும் ஒன்றில்லை. காப்பி செய்து ஒட்டினால் டாலர் இல்லாத குறிப்புகள் இடத்துக்கு ஏற்ப மாறும். கட் செய்து ஒட்டினால் ஃபார்முலா அப்படியே இருக்கும். அது மட்டுமில்லை, ஒரு விலைக் கட்டத்தைக் கட் செய்து வேறு இடத்தில் வைத்தால், அதைப் பார்த்துக்கொண்டிருந்த எல்லா ஃபார்முலாவும் புது இடத்துக்குத் தாமே திரும்பிக்கொள்ளும். தாளை ஒழுங்குபடுத்தும்போது விலைக் கட்டங்களை நகர்த்த கட் முறையையே பயன்படுத்துங்கள். ஃபார்முலாவை மாற்றமில்லாமல் நகலெடுக்க வேண்டும் என்றால், கட்டத்துக்குள் நுழைந்து எழுத்துகளைத் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்து, வேறு கட்டத்துக்குள் நுழைந்து ஒட்டுங்கள்.

12. ‘செல்லை லாக் பண்ணு’ என்று சொல்லிக் கொடுப்பதால், டாலர் போட்டால் யாரும் அந்த விலையை மாற்ற முடியாது என்று சிலர் நம்புகிறார்கள். டாலர் காப்பது ஃபார்முலா நகலாகும்போது மட்டும்தான். இ1-க்குள் யார் வேண்டுமானாலும் வேறு எண்ணைத் தட்டலாம். அதைத் தடுக்க புரொடெக்ட் ஷீட் வசதியைத்தான் நாட வேண்டும். மேலே ஒரு புது வரிசை நுழைத்தால் $இ$1 தானாகவே $இ$2 ஆகிவிடும். விலையும் ஒரு வரிசை இறங்கியிருப்பதால் அது சரியான மாற்றமே, பதற வேண்டாம்.

13. வேறு ஷீட்டில் உள்ள கட்டத்தைக் கிளிக் செய்து எடுத்தால் டாலர் இல்லாமல் வரும். எக்செல்லில் வேறு ஃபைலில் உள்ள கட்டத்தைக் கிளிக் செய்தால் இரண்டு டாலரோடு வரும். போன ஆண்டு ஃபைலிலிருந்து ஒரு பத்தியையே எடுத்துவர நினைத்து இழுத்தால், எல்லாக் கட்டத்திலும் ஒரே எண் வந்து நிற்பது இதனால்தான். இழுக்கும் முன் டாலரை எடுத்துவிடுங்கள்.

14. டாலர் குறியே குழப்பமாக இருக்கிறது என்பவர்கள் கட்டத்துக்குப் பெயர் வைத்துவிடலாம். எக்செல்லில் இ1-ஐத் தேர்ந்தெடுத்து, ஃபார்முலா பட்டைக்கு இடப்பக்கம் ‘இ1’ என்று தெரியும் சின்னப் பெட்டியில், இடைவெளி இல்லாமல் ஒரு பெயரை ஆங்கில எழுத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். கட்டணம் என்று பெயர் வைத்தால் ஃபார்முலாவை =பி4*கட்டணம் என்று எழுதலாம். எங்கே இழுத்தாலும் அது அந்த ஒரு கட்டத்தையே காட்டும். ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும், வேறொருவர் திறந்தாலும், படித்தவுடன் புரியும். அடுக்ககச் சங்கத்தின் கணக்கு போல ஆள் மாறிக் கைமாறும் கணக்குகளுக்கு இதையே பரிந்துரைப்பேன். பாதி டாலர் தேவைப்படும் இடங்களுக்கு மட்டும் இது உதவாது.

15. இழுத்து முடித்ததும் சோதித்துப் பாருங்கள். விலைக் கட்டத்தில் தற்காலிகமாக 1 என்று போடுங்கள். மூன்றாவது குறிப்பில் சொன்ன அடுக்ககக் கணக்கில், கட்டணம் 1 ரூபாய் என்றால் ஒவ்வொரு வீட்டின் தொகையும் அதன் சதுர அடியும் ஒன்றாக இருக்க வேண்டும். 850, 1,100, 950, 1,200 என்று இரண்டு பத்தியும் ஒத்துப்போனால் டாலர் சரியாக விழுந்திருக்கிறது. முதல் வீடு மட்டும் ஒத்துப்போய் மற்றவை அசையாமல் நின்றால், அவை வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கின்றன. சோதனை முடிந்ததும் கன்ட்ரோல்+இசட் அழுத்திப் பழைய விலையைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

இன்னொரு வழி, கடைசிக் கட்டத்தில் நின்று எஃப்2 அழுத்துவது. ஃபார்முலா பார்க்கும் கட்டங்களெல்லாம் வண்ணப் பெட்டிகளாகத் தெரியும். முதல் கட்டம் எப்படியும் சரியாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயனில்லை. எல்லா ஃபார்முலாவையும் ஒரே நேரத்தில் பார்க்க, கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு எஸ்கேப்புக்குக் கீழே, 1-க்கு இடப்பக்கம் உள்ள விசையைத் தட்டுங்கள். மறுபடி தட்டினால் எண்கள் திரும்பிவிடும்.

16. கைபேசியில் கணக்கு எழுதுபவர்களுக்கு எஃப்4 கிடையாது. டாலரைக் கையால்தான் தட்ட வேண்டும். எண்கள், குறிகள் உள்ள பக்கத்தில் ரூபாய்க் குறி மட்டும் தெரிந்தால் அதை அழுத்திப் பிடியுங்கள், மற்ற நாணயக் குறிகளோடு டாலரும் மேலே வரும். ஃபார்முலா அமைப்பதைக் கணினியில் முடித்துவிட்டு, கைபேசியை அன்றாடச் செலவைக் குறிக்க மட்டும் வைத்துக்கொள்வது சுலபம். சின்னத் திரையில் விரலால் இழுக்கும்போது ஒரு வரிசை கூடவோ குறையவோ போவது சகஜம்.